ஒருக்களித்துப் படுக்கும் பாரமான உடம்புக்கு எந்த மெத்தை?



நாரி நோகிறது, தோள்மூட்டு உளைகிறது, காலையில் கை விறைத்துப் போய்க் கிடக்கிறது என்று சொல்லாத பெண்கள் நம் மத்தியில் குறைவு. தைலம் பூசுகிறோம். ஒத்தடம் கொடுக்கிறோம். மருந்துச்சாலையில் வரிசையில் நின்று குளிசை வாங்கி வருகிறோம். ஆனால் இரவில் ஆறு ஏழு மணித்தியாலம் எதன் மேல் படுத்திருக்கிறோம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

இடம்பெயர்ந்த காலத்தில் தறப்பாளின் கீழ், ஈரநிலத்தில் பாயை விரித்துப் படுத்தோம். அன்று தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்தாலே போதும் என்றிருந்தது. அந்தப் பழக்கம் வீடு கட்டிக் குடியேறிய பின்னும் நம்மோடு வந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கட்டிலும் மெத்தையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, தாய் மட்டும் சீமெந்து நிலத்தில் படுக்கும் வீடுகள் இன்றும் உண்டு.

இதற்கிடையில் நமது உடம்பும் மாறிவிட்டது. நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் இருப்பது, நேரம் தவறிச் சாப்பிடுவது, நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, மனக்கவலை, காயத்தால் நடமாட்டம் குறைந்தது என்று பல காரணங்களால் பலருக்கு உடல் பாரம் கூடியிருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாரமான உடம்புக்குப் படுக்கையும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆகவே இம்மாதம் மெத்தையைப் பற்றி, அதிலும் உடல் பாரம் கூடியவர்கள் ஒருக்களித்துப் படுப்பதற்கு ஏற்ற மெத்தையைப் பற்றிப் பார்ப்போம்.

ஒருக்களித்துப் படுத்தால் என்ன நடக்கிறது?

ஒருக்களித்துப் படுப்பது நல்ல பழக்கம். குறட்டை விடுபவர்களுக்கு மூச்சு இலகுவாகப் போகும். நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு இடப்பக்கம் படுப்பது சுகம் தரும். கர்ப்பிணிகள் கடைசி மூன்று மாதங்களிலும் மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுத்து உறங்க வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் மல்லாந்து படுக்கும்போது முதுகு முழுவதும் பரவும் பாரம், ஒருக்களித்துப் படுக்கும்போது இரண்டு இடங்களிலேயே பெரும்பாலும் இறங்குகிறது. ஒன்று தோள்மூட்டு, மற்றது இடுப்பின் வெளிப்பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பு. பெண்களுக்கு இடுப்பு அகலமானது. பாரமும் கூடினால் அந்த எலும்பின் மேல் விழும் அழுத்தம் இன்னும் கூடும்.

படுக்கை கல்லுப்போல இருந்தால் தோளும் இடுப்பும் நசியும். இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கை விறைக்கும். நித்திரையிலேயே அடிக்கடி புரண்டு படுப்போம். படுக்கை மிக மென்மையாக இருந்தால் இடுப்பு ஆழமாகத் தாழ்ந்து, முள்ளந்தண்டு தூளி போல வளையும். காலையில் நாரி பிடிக்கும். ஆகவே பாரமான உடம்புக்கு இரண்டும் ஒன்றாகத் தேவை: மேலே தோளுக்கும் இடுப்புக்கும் இடம்விடும் மென்மை, கீழே உடம்பைத் தாங்கும் உறுதி.

"நாரி நோவுக்கு வெறும் பலகைதான் நல்லது" என்று நமது பெரியவர்கள் சொல்வார்கள். இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டில் நீண்டகால நாரி நோவுள்ள 313 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கடினமான மெத்தையும் மற்றப் பிரிவுக்கு நடுத்தர உறுதியான மெத்தையும் கொடுத்தார்கள். 90 நாட்களின் பின், நடுத்தர உறுதியான மெத்தையில் படுத்தவர்களுக்கே நோவும் இயலாமையும் கூடுதலாகக் குறைந்திருந்தன. இந்த முடிவு 2003ஆம் ஆண்டில் லான்செற் மருத்துவ இதழில் வெளியானது.

மெத்தையின் உள்ளே என்ன இருக்கிறது?

நமக்குப் பழக்கமானவை இலவம் பஞ்சு மெத்தை, தும்பு மெத்தை, ஸ்பொஞ்ச் மெத்தை என்பன. பஞ்சு நாளடைவில் கட்டிபட்டுவிடும். தும்பு மெத்தை உறுதியானது, காற்றோட்டமானது. ஆனால் ஒருக்களித்துப் படுப்பவருக்குக் கடினம். மலிவான ஸ்பொஞ்ச் பாரமான உடம்பின் கீழ் விரைவில் குழி விழும்.

இப்போது கடைகளில் "ஹைபிரிட்" என்று சொல்லி விற்கும் கலப்பு மெத்தை ஒன்று உண்டு. கீழே ஸ்பிரிங், மேலே இறப்பர் பாலில் செய்த லேற்றெக்ஸ் நுரைப்படை. இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

லேற்றெக்ஸ் நமக்கு அந்நியமான பொருளல்ல. 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து முளைத்த இறப்பர்க் கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. இன்று களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டுபவர்களில் நம்மைப் போன்ற பெண்கள் பலர். அந்தப் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, வெப்பத்தால் இறுக்கி எடுப்பதே லேற்றெக்ஸ் நுரை. 1929ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டன்லொப் நிறுவனத்து ஆய்வாளர் ஒருவர், வீட்டுச் சமையலறையில் கேக் அடிக்கும் கருவியால் இறப்பர் பாலை அடித்துப் பார்த்ததிலிருந்து இந்த முறை பிறந்ததாகச் சொல்வார்கள். அதனால்தான் அது இன்றும் டன்லொப் முறை எனப்படுகிறது. அச்சில் இருக்கும் ஊசிகளால் நுரை முழுவதும் சிறு துவாரங்கள் விழும். அவற்றினூடாகக் காற்றும் போய்வரும். தலாலே என்று இன்னொரு முறையும் உண்டு. நுரையை வெற்றிடத்தில் உப்பவைத்து, உறையவைத்து, அதன் பின் இறுக்குவார்கள். டன்லொப் சற்று அடர்த்தியும் உறுதியும் கூடியது. தலாலே இலேசானது, மென்மையானது.

லேற்றெக்ஸ் நுரை அழுத்தினால் தாழும், விட்டால் உடனே எழும்பும். பாரம் விழும் இடத்தில் மட்டும் தாழ்ந்து தோளுக்கும் இடுப்புக்கும் இடம் கொடுக்கும். புரண்டு படுக்கும்போது உடம்பை உள்ளே இழுத்து வைத்திருக்காது. பாரமானவர்களுக்கு இது பெரிய உதவி.

இனி ஸ்பிரிங். பழைய வகையில் ஸ்பிரிங்குகள் எல்லாம் கம்பியால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கமும் ஆடும். மற்ற வகையில் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப்பைக்குள் இருக்கும். கடையில் பொக்கற் ஸ்பிரிங் என்பார்கள். இடுப்பு விழும் இடத்து ஸ்பிரிங் மட்டும் தாழும், பக்கத்து ஸ்பிரிங் தன் வேலையைப் பார்க்கும். பாரமான தாயும் மெலிந்த பிள்ளையும் ஒரே மெத்தையில் படுத்தாலும் தாய் புரளும்போது பிள்ளை விழிக்காது. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு இந்த வகையே பொருத்தம்.

பாரத்துக்கு ஏற்ற அளவு

கடைக்காரர் "மென்மை", "நடுத்தரம்", "உறுதி" என்று சொல்வது எல்லா உடம்புக்கும் ஒன்றல்ல. 50 கிலோ உடையவருக்குக் கடினமாகத் தெரியும் மெத்தை 95 கிலோ உடையவருக்கு மென்மையாகத் தெரியும். ஆகவே பாரமானவர்கள் நடுத்தரத்துக்கும் உறுதிக்கும் இடைப்பட்டதைத் தேட வேண்டும்.

முதலில் லேற்றெக்ஸ் படையின் தடிப்பைக் கேளுங்கள். ஒரு அங்குலப் படை பெயருக்குத்தான். பாரமான இடுப்பு அதைக் கடந்து கீழேயுள்ள ஸ்பிரிங்கில் தட்டும். 3 அங்குலமாவது இருந்தால் நல்லது.

அடுத்தது ஸ்பிரிங் கம்பியின் தடிப்பு. இதைக் கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள். எண் குறையக் குறையக் கம்பி தடிப்பு. 15 கேஜ் மெல்லிய கம்பி, 13 கேஜ் தடித்த கம்பி. பாரமானவர்கள் 13 அல்லது 14 கேஜ் உள்ளதைக் கேட்க வேண்டும்.

படையும் ஸ்பிரிங்கும் சேர்ந்து முழு மெத்தையும் 10 முதல் 12 அங்குலம் வரை உயரம் வரும். இங்கேதான் ஒரு விடயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நமது பழைய தேக்குக் கட்டில்கள், பலா மரக் கட்டில்கள் உயரமானவை. அதன் மேல் 12 அங்குல மெத்தையைப் போட்டால் விளிம்பில் இருக்கும்போது கால் நிலத்தில் படாது. முழங்கால் நோவுள்ளவர்களுக்கு அது ஆபத்து. கட்டிலும் மெத்தையும் சேர்ந்த உயரம் உங்கள் முழங்கால் மட்டத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். கடைக்குப் போகுமுன் கட்டிலின் உயரத்தையும், உட்பக்க நீள அகலத்தையும் அளந்து ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொள்ளுங்கள்.

கடையில் படுத்துப் பாருங்கள்

கையால் அமுக்கிப் பார்த்து மெத்தை வாங்குவதில் பயனில்லை. படுத்துப் பார்க்க வேண்டும். ஆண்கள் நிற்கும் கடையில் எப்படிப் படுப்பது என்று கூச்சம் வரும். தனியே போகாதீர்கள். சகோதரியையோ அயல்வீட்டுப் பெண்ணையோ கூட்டிக் கொண்டு, சனம் குறைந்த நேரத்தில் போங்கள். சேலையை விடச் சுரிதார் வசதி. விரிக்க ஒரு துணியும் கொண்டு போங்கள். பெரிய தொகை கொடுக்கப் போகிறவர் நீங்கள். படுத்துப் பார்ப்பது உங்கள் உரிமை.

வீட்டில் படுக்கும் அதே பக்கமாகத் தலையணையோடு 10 அல்லது 15 நிமிடம் படுத்திருங்கள். கூட வந்தவர் உங்கள் முதுகுப் பக்கம் நின்று பார்க்கட்டும். பிடரியிலிருந்து நாரி வரை முள்ளந்தண்டு நிலத்துக்குச் சமாந்தரமாக நேர்கோட்டில் நிற்க வேண்டும். இடுப்பு பள்ளத்தில் கிடந்தால் மெத்தை மென்மை. தோள் காதை நோக்கித் தள்ளப்பட்டால் மெத்தை கடினம். இடைக்கும் மெத்தைக்கும் நடுவே அவர் கையை விட்டுப் பார்க்கட்டும். கை தாராளமாகப் போய்வந்தால் கடினம். கையை நுழைக்கவே முடியாவிட்டால் நீங்கள் தாழ்ந்துவிட்டீர்கள். மெத்தை இடையை மெதுவாகத் தொட்டு நிற்பதே சரி.

பின்னர் எழும்பி விளிம்பில் இருங்கள். விளிம்பு வழுக்கிக் கீழே போகிறதா? பாரமானவர்கள் கட்டிலை விட்டு எழும்பும்போது முழுப் பாரத்தையும் விளிம்பில்தான் கொடுப்பார்கள். அங்கே உறுதி தேவை.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை:

1. லேற்றெக்ஸ் இயற்கை இறப்பர்ப் பாலா, செயற்கையா, இரண்டும் கலந்ததா? கலந்தது கூடாதென்றில்லை. ஆனால் இயற்கைக்குரிய விலையைக் கலப்புக்குக் கொடுக்கத் தேவையில்லை.

2. லேற்றெக்ஸ் படை எத்தனை அங்குலம்? அதற்கு மேலோ கீழோ சாதாரண ஸ்பொஞ்ச் இருக்கிறதா? சில மெத்தைகளில் பெயர்தான் லேற்றெக்ஸ், உள்ளே பெரும்பகுதி ஸ்பொஞ்ச்.

3. ஸ்பிரிங் தனித்தனிப் பையில் உள்ளதா? கம்பி எத்தனை கேஜ்?

4. உத்தரவாதம் எத்தனை ஆண்டு? எத்தனை அங்குலம் குழி விழுந்தால் மாற்றித் தருவார்கள்? கறை பட்டால் உத்தரவாதம் இல்லாமல் போகுமா?

5. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலி விலையில் சேருமா?

பதில்களைப் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சொன்னதொன்று தந்தது வேறொன்று என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். அதற்குப் பற்றுச்சீட்டு கையில் இருக்க வேண்டும்.

காயம்பட்ட சகோதரிகளுக்கு

உடம்பில் ஷெல் துண்டுகளோடும் சன்னங்களோடும் வாழ்பவர்கள் நம்மிடையே பலர். இடுப்பிலோ தோளிலோ துண்டு இருந்தால் அந்தப் பக்கம் படுக்க முடியாது. எப்போதும் மறுபக்கமே படுப்பதால் அந்த நல்ல பக்கமும் காலப்போக்கில் நோகத் தொடங்கும். இவர்களுக்கு மேற்படை சற்றுத் தடிப்பாக இருப்பது உதவும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை அண்டை கொடுத்துச் சற்றே சரிந்து படுத்தால் பாரம் இடுப்பெலும்பில் நேரே விழாது.

கால் இழந்தவர்கள் கட்டில் விளிம்பில் இருந்துதான் செயற்கைக்காலை மாட்டுகிறார்கள். அவர்கள் மெத்தையின் விளிம்பையே முதலில் பரிசோதிக்க வேண்டும்.

முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்பின் கீழ் உணர்வில்லாதவர்களுக்கு மேலே சொன்ன ஆலோசனைகள் போதா. அழுத்தம் நோவாகத் தெரியாததால் படுக்கைப்புண் வரும். அதற்கெனத் தனி மெத்தைகள் உண்டு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போலப் புரட்டிப் படுக்கவைக்கவும் வேண்டும். வைத்தியரிடமோ புனர்வாழ்வுப் பிரிவுச் சிகிச்சையாளரிடமோ கேட்காமல் கடை மெத்தையை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இறப்பர்க் கையுறையோ பலூனோ பட்டால் தோல் தடித்துச் சொறிபவர்கள் லேற்றெக்ஸ் வாங்குமுன் வைத்தியரிடம் கேட்பது நல்லது.

காசு எங்கே?

நல்ல லேற்றெக்ஸ் கலப்பு மெத்தை தும்பு மெத்தையை விடப் பல மடங்கு விலை. இதை மறைக்கத் தேவையில்லை. நுண்கடனால் நம் பெண்கள் பட்ட பாடும் நமக்குத் தெரியும். 2018ஆம் ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபா வரையிலான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டிய நிலை ஏற்பட்டது. ஆகவே வாரக்கடன் எடுத்து மெத்தை வாங்காதீர்கள். நோவுக்காக வாங்கிய மெத்தையில் கடன் கவலையோடு படுத்தால் நித்திரை எங்கே வரும்? தவணைக்குத் தருகிறோம் என்றால் எல்லாத் தவணையையும் கூட்டி, கைக்காசு விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம்பிக்கையானவர்கள் சேர்ந்து பிடிக்கும் சீட்டு இதற்கு நல்ல வழி.

அது வரையில் சிக்கனமாகச் செய்யக்கூடியவை உண்டு. வீட்டில் குழி விழாத தும்பு மெத்தையோ ஸ்பிரிங் மெத்தையோ இருந்தால், 2 அல்லது 3 அங்குல லேற்றெக்ஸ் மேற்படை மட்டும் வாங்கி அதன் மேல் போடலாம். முழு மெத்தையை விட விலை நன்றாகக் குறையும், பலனில் பெரும்பகுதி கிடைக்கும். ஆனால் குழி விழுந்த மெத்தையின் மேல் போட்டால் மேற்படையும் அந்தக் குழிக்குள்ளேயே இறங்கும்.

செலவே இல்லாத வழியும் ஒன்று. ஒருக்களித்துப் படுக்கும்போது இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே ஒரு தலையணை வையுங்கள். மேற்கால் முன்னே விழுந்து நாரியை முறுக்குவது நிற்கும். இடையில் இடைவெளி இருந்தால் ஒரு துவாயை மடித்து அங்கே வையுங்கள். தலையணையின் உயரம் காதுக்கும் தோள் முனைக்கும் இடையிலுள்ள இடத்தை நிரப்ப வேண்டும். இன்றிரவே செய்து பார்க்கலாம்.

பழைய மெத்தை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதானால் மூட்டைப்பூச்சியையும் குழியையும் நன்றாகப் பார்த்த பின் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பின்

புது மெத்தையின் பொலித்தீன் உறையைக் கழற்றாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது நமது வழக்கம். உடனே கழற்றுங்கள். உறைக்குள் வியர்வை தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும், உடம்பும் புழுங்கும். கறை படும் என்ற பயம் இருந்தால் கழுவக்கூடிய பருத்தி மேலுறை ஒன்று தைத்துப் போடுங்கள். நம்மில் பலருக்குத் தையல் கைவந்த தொழில்தானே.

மெத்தையை வெய்யிலில் காயப் போடுவதும் நமது வழக்கம். தும்புக்கும் பஞ்சுக்கும் அது நல்லது. லேற்றெக்ஸுக்குக் கூடவே கூடாது. வெய்யில் பட்டால் இறப்பர் காய்ந்து, வெடித்து, பொடியாக உதிரும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைத்தாலே போதும்.

சீமெந்து நிலத்தில் நேரே போடாதீர்கள். ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும், ஸ்பிரிங்கும் துருப்பிடிக்கும். கட்டிலின் குறுக்குச் சட்டங்களுக்கு இடையில் 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் மெத்தை இடையில் இறங்கும். தச்சரைக் கொண்டு மேலதிகச் சட்டங்கள் அடிப்பியுங்கள். அகலக் கட்டிலின் நடுவில் ஐந்தாவது காலொன்று இருப்பது பாரமானவர்களுக்கு அவசியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். லேற்றெக்ஸ் மேலே மட்டும் உள்ள மெத்தையைக் கவிழ்த்துப் போடக் கூடாது. இப்படிப் பராமரித்தால் நல்ல லேற்றெக்ஸ் படை 10 ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும்.

சகோதரிகளே, வீட்டில் எல்லோருக்கும் கொடுத்து மிஞ்சினால் நமக்கு என்று எண்ணியே நாம் பழகிவிட்டோம். ஆனால் விடிந்தால் தண்ணீர் அள்ளுவதும் அடுப்பு மூட்டுவதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் உழைக்கப் போவதும் இந்த ஒரே உடம்புதான். குடும்பத்தின் பாரத்தைத் தாங்கும் உடம்பை இரவில் தாங்க நல்ல படுக்கை வேண்டும். அடுத்த சீட்டு விழும்போது பட்டியலில் உங்கள் மெத்தையையும் எழுதிக் கொள்ளுங்கள்.